சாடியும் கலயமும்: இல்லத்து மதுவிலிருந்து தோட்டத்துக் கள்ளுக்கடை வரை

மலாக்கா மாநிலத்தின் ஆயர் குரோ இன்று விலங்குக் காட்சிசாலைக்கும், ஏரிக்கும், நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிக்கும், மாநில அரசின் செயலக மாளிகைக்கும் பெயர் பெற்ற இடமாகும். எனினும் அதன் பெயர் அதனினும் பழைய செய்தி ஒன்றைத் தாங்கி நிற்கிறது. மலாய் மொழியில் ‘ஆயர்’ என்பது நீர். ‘குரோ’ என்பது கலங்கல். கலங்கிய நீர் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். மலாக்காவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் வாழ்ந்த காலத்தில் அவர்கள் வாழ்வில் வேறொரு கலங்கல் நீரும் கலந்திருந்தது. பால் போல் வெளுத்து, நுரைத்து, மாலை வேளையில் தகரக் குவளைகளில் அளந்து விற்கப்பட்ட தென்னங்கள்ளே அது.

தோட்டத் தமிழரைப் பற்றிப் பேசுவோர் பலர், அவர்தம் வறுமைக்கும் தாழ்வுக்கும் குடியே காரணம் என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடுவர். குடி கெடுத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கள்ளை வடித்தவர் யார், விற்றவர் யார், அதன் வருவாயைக் கணக்கில் ஏற்றியவர் யார் என்ற வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை. மதுவை ஆக்குவதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சிலவே. அக்கருவிகள் எக்காலத்தில் எவர் கையில் இருந்தன என்பதை ஆராய்ந்தால், பழி எவ்வாறு பகிர்ந்து கொள்ளப்பட வேண்டும் என்பது ஒருவாறு விளங்கும்.

சங்க கால இல்லமும் சாடியும்

வீட்டிலேயே மது சமைக்கும் வழக்கம் மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. வாற்கோதுமையை முளைக்கவைத்து மது வடிக்கும் கலையைச் சுமேரியரும் எகிப்தியரும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். தமிழரோ நெல்லைக் கொண்டு அதனைச் செய்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூலாகும். வழியில் அவன் பெறக்கூடிய உணவு வகைகளைச் சொல்லிச் செல்லும் புலவர், வீட்டில் சமைத்த ‘தோப்பி’ என்னும் நெல்மதுவையும் குறிக்கிறார். வலைஞர் குடியிருப்பைப் பேசுமிடத்தில் அத்தகைய மது ஆக்கப்படும் முறையைப் படிப்படியாகவே விளக்கிவிடுகிறார்.

அம்முறை வருமாறு: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல் வேண்டும். அக்களியை வாய் அகன்ற ‘பிழா’ என்னும் தட்டில் இட்டு ஆற்றுதல் வேண்டும். பின்னர் அதனுடன் ‘நல்லடை’ என்பதனைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல் வேண்டும். உறுதியான வாயையுடைய சாடியில் அது முற்ற விளைந்தபின், வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்தல் வேண்டும். சுட்ட மீனுடன் அம்மது விருந்தினர்க்கு வழங்கப்படும்.

இவ்விளக்கத்தில் காணப்படும் கருவிகளை எண்ணிப் பார்த்தால் அவை ஐந்தே: களி சமைக்கும் பானை, ஆற்றும் பிழா, புளிக்கவைக்கும் அடை, விளையும் சாடி, வடிக்கும் விரல். இன்று வீட்டில் பியர் ஆக்குவோர் மேலைநாடுகளில் கடைதோறும் வாங்கிச் சேர்க்கும் கொதிகலன், குளிர்விக்கும் கலன், நொதி, மூடியிட்ட தொட்டி, வடிகட்டி ஆகியவற்றுக்கும் இவ்வைந்துக்கும் தொழிலளவில் வேறுபாடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அரிசியில் உள்ள மாச்சத்து நேரே மதுவாகாது; அது முதலில் சருக்கரையாக மாற வேண்டும். முளைத்த தானியத்தில் உள்ள நொதிப்பொருள் அம்மாற்றத்தைச் செய்யும். உரையாளர் நல்லடையை நெல்முளையால் ஆகிய அடை எனக் கொள்வது இதனோடு பொருந்துகிறது. களி சூடாக இருக்கும்போதே அடையைக் கலந்தால் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். அகன்ற பிழாவில் ஆற்றுவதன் நுட்பம் இதுவே. நுண்ணுயிர்களே புளிப்புக்குக் காரணம் என்பதனை 1857இல் தொடங்கி ஆய்வுகளால் நிறுவி, 1876இல் பியரைப் பற்றித் தனி நூலே எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்தர். காரணம் அறியாமலே காரியத்தைச் செம்மையாகச் செய்தவர்கள் பண்டைத் தமிழ் இல்லத்தார்.

மலாய்க்காரர் இல்லங்களில் இன்றும் ஆக்கப்படும் ‘தாப்பாய்’ இதற்கு நெருங்கிய உறவுடையது. வேகவைத்த ஒட்டரிசியை ஆறவைத்து, ‘ராகி’ எனப்படும் நொதிக்கட்டியைத் தூவி, மூடிவைத்து இனிப்புப் பண்டமாக உண்கின்றனர். இந்த ராகி தமிழர் அறிந்த கேழ்வரகன்று. அரிசிமாவில் செய்து உலர்த்திய சிறு கட்டியே அது.

இவற்றைக் கூறுவதால் பண்டைத் தமிழர் குடித்தது சிறப்பு என்று கொள்ளுதல் தவறு. திருவள்ளுவர் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென்றே ஒதுக்கி, பத்துக் குறள்களால் அதனைக் கடிந்துள்ளார். இங்குக் கருதத்தக்கது வேறொன்று. சங்க காலச் சாடி இல்லத்துப் பொருள். அதில் விளைந்தது விருந்தினர்க்கும் வீட்டார்க்கும் உரியது. அதன் அளவை வரையறுத்தது வீட்டு நெற்குதிரின் நிலையேயன்றி, விற்பனைக் கணக்கன்று.

பாளையும் கலயமும்

நெல்மதுவினும் எளிதாகக் கிடைப்பது பனையும் தென்னையும் தரும் கள். இதற்கு முளையும் வேண்டா, அடுப்பும் வேண்டா. தென்னையின் விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் இனிய சாறு சொட்டத் தொடங்கும். மரமேறும் தொழிலாளியின் கருவிகள் இடுப்பில் அடங்கிவிடும்: பாளை சீவும் கூரிய கத்தி, தட்டும் கட்டை, கட்டும் நார், காலுக்குத் தளை, சாறு ஏந்தும் கலயம், சிறிதளவு சுண்ணாம்பு. காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, நிரம்பிய கலயத்தை இறக்கி வேறொன்றைக் கட்டுவதே அவர்தம் அன்றாடப் பணி.

இவற்றுள் மிகச் சிறியதாகிய சுண்ணாம்பே மிகப் பெரிய வேறுபாட்டை விளைவிப்பது. தென்னஞ்சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பங்கு வரை சருக்கரை உண்டு. காற்றிலும் கலயத்தின் சுவரிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதனை உடனே புளிக்கச் செய்யத் தொடங்கும். விடியலில் இறக்கியது நண்பகலுக்குள் கள்ளாகிவிடும். அதன் வெறியம் ஏறத்தாழ பியரின் அளவினதே. மறுநாளும் வைத்திருந்தால் அது புளித்துக் காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுச் சாறு இனிப்பு மாறாமல் நிற்கும். பனையாயின் அதுவே பதநீர். அதனைக் காய்ச்சினால் கருப்பட்டியாகும்.

மலாக்கா மண்ணுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அதன் பெயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. உலகெங்கும் ‘குலா மலாக்கா’ எனப் புகழ்பெற்ற தென்னஞ்சருக்கரை இதே பாளையின் சாற்றைக் காய்ச்சி, மூங்கில் குழாய்களில் ஊற்றி உறையவைத்து எடுப்பதாகும். மலாய்க்காரர் புளிக்காத சாற்றை ‘நீரா’ என்றும், புளித்ததனைத் ‘துவாக்’ என்றும் வேறுபடுத்திக் கூறுவர். ஆகவே ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே கலயம் ஆகியவற்றிலிருந்து ஊரின் பெருமையாகிய சருக்கரையும் பிறந்தது. தோட்டத்தின் சிறுமை என இகழப்பட்ட கள்ளும் பிறந்தது.

தோட்டமும் கள்ளுக்கடையும்

மலாக்கா மலாயாவின் இரப்பர் வரலாற்றில் முதலிடம் பெற்ற மாநிலம். 1896இல் டான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டு, வாணிக நோக்கிலான இரப்பர்ப் பயிர்த்தொழிலுக்கு வழிகோலினார். அதனைத் தொடர்ந்து புக்கிட் அசகானிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் விரிந்தன. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள்கள் திரட்டப்பட்டனர். கப்பலேறி வந்தவர்கள் காடழித்தனர், கன்று நட்டனர், லயங்களில் குடியேறி விடியற்காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுத்தனர்.

மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் 1826 முதல் நீரிணைக் குடியேற்ற நாடுகள் என ஒருங்கே ஆளப்பட்டவை. அபினி, சாராயம், கள் ஆகியவற்றை விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் தேடுவது அவ்வாட்சியின் தொடக்கம் முதலே இருந்த வழக்கம். வரி வாங்க மனமில்லாத வணிகர் நிறைந்த துறைமுகங்களில், ஏழைத் தொழிலாளியின் போதையே அரசின் கருவூலத்தை நிரப்பியது. பின்னர்க் குத்தகை முறை மறைந்து உரிம முறை வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. நகரங்களில் அரசின் கள்ளுக்கடைகளும், தோட்டங்களில் நிர்வாகம் உரிமம் பெற்று நடத்திய கடைகளும் தோன்றின. உரிமம் பெற்ற மரங்களில் உரிமம் பெற்றவரே பாளை சீவலாம். தன் லயத்தின் பின்புறம் நிற்கும் தென்னையில் தானே ஒரு கலயம் கட்டுபவன் குற்றவாளி. அதே தென்னையின் கள்ளைக் கடையில் காசு கொடுத்து வாங்குபவனோ நிர்வாகத்தின் நல்ல வாடிக்கையாளன்.

இங்குக் கருவிகளின் பட்டியலே மாறிவிட்டதைக் காணலாம். கத்தியும் கலயமும் பின்னுக்குச் சென்றன. உரிமத் தாள், அளவைக் குவளை, கணக்கேடு, கல்லாப்பெட்டி ஆகியவை முன்னுக்கு வந்தன. இல்லத்துச் சாடி நெற்குதிரைப் பார்த்து அளவு கொண்டது. கடைக் குவளையோ சம்பள நாளைப் பார்த்து நிரம்பியது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அதுவும் குறைக்கப்பட்டது. அச்சிறு கூலியில் ஒரு பகுதி, கொடுத்த கையையே மீண்டும் சென்று சேர்ந்தது.

இதற்குத் தோட்ட நிர்வாகங்கள் கூறிய நியாயங்கள் இரண்டு. கடையை மூடினால் தொழிலாளர் அதனினும் கொடிய கள்ளச் சாராயத்தை நாடுவர் என்பது ஒன்று. கள்ளின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்படுகிறது என்பது மற்றொன்று. முதல் நியாயத்தில் ஓரளவு உண்மை இருந்ததைப் பிற்கால வரலாறு காட்டிற்று. இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டுவது ஒன்றே. தொழிலாளியின் கோயில் விழாவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் வேண்டிய பணம் அவன் குடித்தால்தான் கிடைக்கும் என்றால், அது நலநிதி ஆகாது. குடிக்குக் கொடுக்கப்பட்ட கூடுதல் தூண்டுதலே ஆகும். பள்ளியும் நூலகமும் எட்டாத் தொலைவில் இருக்க, லயத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் கள்ளுக்கடை இருந்தது. பத்து மணி நேரம் உழைத்துக் களைத்தவனுக்கு மாலையில் செல்ல வேறிடம் காட்டப்படவில்லை.

கலயத்தை உடைக்க எழுந்த கைகள்

தொழிலாளர் இதனை உணராமல் இருந்தனர் என்று கருதுதல் பெரும் பிழை. தாயகத்தில் 1921இல் கள்ளுக்கடை மறியல் ஓங்கியபோது, ஈரோட்டில் பெரியார் ஈ.வெ. இராமசாமி சிறை சென்றார். அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினர். தமக்குரிய தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை அவர் வெட்டச் செய்தார் என்பது யாவரும் அறிந்தது. அதே பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தமிழரிடையே உரையாற்றினார். 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இச்செய்திகள் செய்தித்தாள்கள் வழியாகவும் புதிதாகக் கப்பலேறி வந்தோர் வழியாகவும் தோட்டங்களை எட்டின.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவு நீங்க வேண்டும், பெண்களுக்குத் தொல்லை கூடாது, பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பனவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. குடிகாரர் என இகழப்பட்டவர்களே கடையை மூடுக என்று கேட்டனர் என்பது எண்ணத்தக்கது. அதற்கு விடையாக வந்தது படை. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் இவ்வுணர்வு மேலும் கனன்றது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்ற தோட்ட இளைஞர் பலர் ஒழுங்கையும் தன்மதிப்பையும் கற்றுத் திரும்பியிருந்தனர். கெடா மாநிலத்தின் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் ‘தொண்டர் படை’ உருவாயிற்று. சீருடை அணிந்து அணிவகுத்த அப்படையினர் தோட்டந்தோறும் சென்று குடிப்பவரைத் திருத்தினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இன் முற்பகுதியில் அவர்களுக்கும் காவல் துறையினருக்கும் மோதல் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பலர் சிறையிலடைக்கப்பட்டனர். உரிமம் பெற்ற கலயத்தைக் காக்க அரசு துப்பாக்கி ஏந்தியது என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம். குடிக்காதே என்று சொன்னவன் கலகக்காரன் ஆனான்.

கலயம் போய்த் தகரம் வந்தது

காலப்போக்கில் கள்ளுக்கடைகள் குறைந்தன. ஆனால் குடி குறைந்ததா என்பது வேறு கேள்வி. கள்ளின் இடத்தைச் ‘சம்சு’ பிடித்தது. சீன மொழியிலிருந்து வந்த இச்சொல் தோட்டப்புறத் தமிழில் ஊறிப்போன ஒன்று. புளித்ததனைக் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்து எடுப்பது அது. மறைவிடத்தில் பழைய தகரமும் குழாயும் கொண்டு ஆக்கப்பட்ட சரக்கு, அளவிலும் தூய்மையிலும் எவர் பொறுப்புக்கும் உட்படாதது. கள் ஒருநாள் தாண்டினால் புளித்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். சம்சுவோ கெட்டாலும் காட்டிக்கொடுப்பதில்லை. அதிலும் ஆலைகளில் பயன்படும் மெத்தனாலைக் கலந்தால், கண்ணொளியையும் உயிரையும் பறித்துவிடும். 2018 செப்டம்பரில் கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அண்டை நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர். ஒரு நூற்றாண்டுக்கு முன் கப்பலேறி வந்த தமிழன் நின்ற அதே இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

மறுபுறம், பேராலைகள் எழுந்தன. 1931, 1932ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் இரு பியர் ஆலைகள் தோன்றின. 1960களின் நடுவில் சுங்கைவேயிலும், 1972இல் ஷா ஆலமிலும் பேராலைகள் இயங்கத் தொடங்கின. பண்டை இல்லத்தின் பிழாவும் சாடியும் எஃகுத் தொட்டிகளாக வளர்ந்து, வேலிக்குள் புகுந்துகொண்டன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் மலிவுச் சம்சுவை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்து வந்துள்ளன. ஆயினும் விற்பனைக்கும் வரிக்கும் உள்ள உறவு பழைய குத்தகைக் காலத்து உறவிலிருந்து பெரிதும் மாறிவிட்டதாகக் கூற இயலாது.

எஞ்சி நிற்கும் கணக்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கு மாறின, மேலும் பல வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. ஆயர் குரோவைச் சூழ்ந்த பகுதிகளும் அம்மாற்றத்திலிருந்து தப்பவில்லை. லயங்களில் பிறந்தோரின் பிள்ளைகள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். கள்ளுக்கடை இருந்த இடத்தை அவர்களுக்குக் காட்டித்தர ஆளில்லை. ஆனால் அக்கடை விட்டுச் சென்ற பழிச்சொல் மட்டும் இன்னும் முற்றாக மறையவில்லை.

அப்பழியில் தமிழர்க்கு உரிய பங்கு உண்டு. அதனை மறுத்தல் ஆகாது. சம்பளக் கவரை மனைவியிடம் சேர்க்காமல் குவளையில் கரைத்தவனை எந்த வரலாறும் நிரபராதி ஆக்காது. வீட்டில் பசித்திருந்த பிள்ளைகளின் துயரத்துக்கு அரசின் உரிமத் தாள் ஆறுதல் அளிக்காது. ஆயினும் அக்குவளையை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, அதன் ஆதாயத்தைக் கணக்கில் ஏற்றி, மூடுக என்று கேட்டவர்களைச் சிறையில் இட்டவர்களின் பங்கும் அதே ஏட்டில் எழுதப்பட வேண்டும். குடித்தவர்களின் கதையைப் பேசுவோர், குடியை எதிர்த்து அடிபட்டவர்களின் கதையையும் பேசியாக வேண்டும். கிள்ளானிலும் பீடோங்கிலும் நின்றவர்கள் வேற்றினத்தார் அல்லர். அதே லயத்தில் பிறந்து, அதே பெரட்டில் நின்று, அதே கூலி பெற்றவர்களே.

சாடியும் கலயமும் மண்ணால் ஆனவை. அவற்றுக்குக் குற்றமும் இல்லை, புகழும் இல்லை. ஒரு விரல் சுண்ணாம்பைத் தடவினால் கலயம் சருக்கரை தரும். தடவாவிட்டால் கள் தரும். மலாக்காவின் பாளைகள் இரண்டையும் தந்தன. இளைய தலைமுறைக்கு அவற்றுள் ஒன்றை மட்டும் கூறி மற்றொன்றை மறைத்தல் முறையன்று. கலங்கிய நீரும் அசையாது வைத்தால் அடிமண் படிந்து மேலே தெளியும். தோட்டத் தமிழரின் வரலாற்றையும் அவ்வாறு தெளியவைத்து, அடியில் படிந்திருப்பது இன்னதென அறிந்துகொள்ளும் கடமை அவர்தம் வழித்தோன்றல்களுக்கு உண்டு.